வீடு வீடா விக்கப் போறவங்களும் நன்கொடை கேக்கப் போறவங்களும் எந்த ஆபீசுக்குப் போகணும், என்ன பேப்பர் எடுக்கணும்: முழு வழிகாட்டி

தீபாவளிக்கு ரெண்டு வாரம் இருக்கறப்ப எங்க தாமான் முக்குல ஒரு அக்கா மோட்டோவ நிறுத்திட்டு கையில ஒரு பேப்பரப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. மோட்டோ பின்னாடி ரெண்டு பெரிய டின்னு, ஒண்ணுல முறுக்கு, இன்னொண்ணுல அச்சு முறுக்கு. எதிர்ல மஜ்லிஸ் (நகராண்மைக் கழகம்) அமலாக்க ஆளுங்க ரெண்டு பேரு. அக்கா திரும்பத் திரும்ப, "லைசன்ஸ் இருக்கு சார், பாருங்க, அறுபது வெள்ளி கட்டியிருக்கேன்"னு சொல்றாங்க. நான் போய் வாங்கிப் பாத்தா அது எஸ்எஸ்எம் (கம்பெனிகள் ஆணையம்) சர்டிபிகேட்டு. வியாபாரத்தோட பேரப் பதிஞ்சதுக்கான பேப்பர், அவ்வளவுதான், தெருவுல விக்கிறதுக்கான லைசன்ஸ் இல்ல. அன்னைக்கு எச்சரிச்சு விட்டுட்டாங்க, ஆனா அக்கா பயந்து போய் அந்த தீபாவளிக்கு வெளிய வரவே இல்ல, சுட்டு வச்ச முறுக்கெல்லாம் சொந்தக்காரங்களுக்குத்தான் போச்சு.

அவங்க ஏமாத்தணும்னு நெனைக்கல. காசும் கட்டியிருக்காங்க. தப்பான ஆபீசுல கட்டிட்டு, வேலை முடிஞ்சதுன்னு நெனைச்சுட்டாங்க, யாரும் சொல்லிக் கொடுக்கல. நான் ரொம்ப வருஷமா நம்ம ஆளுங்களுக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுக்கறேன், இந்த ஒரே குழப்பம்தான் திரும்பத் திரும்ப வருது, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடறேன்.

நான் இருக்கறது மலேசியாவுல, சிலாங்கூர்ல இருக்கற பத்தாங் பெர்ஜுந்தை. 2007ல பெஸ்தாரி ஜெயான்னு பேரு மாத்தினாங்க, பெரியவங்க இன்னும் பழைய பேருதான் சொல்றாங்க. பக்கத்துல இருக்கற தென்னமரம் தோட்டத்துலதான் 1917ல இந்த நாட்டுலயே முதல் தடவையா வியாபாரத்துக்குன்னு செம்பனை நட்டாங்க. அப்பலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் தோட்டத்து வீட்டு வாசலுக்கு வியாபாரிங்க வர்றதும் நிக்கல, துணிக்கட்டு, பாத்திரம், பாய், இப்ப தண்ணி ஃபில்டர், ஹெல்த் மாத்திரை. எந்தத் தேதியில கூட்டம் அதிகம்னு கவனிச்சீங்கன்னா சம்பளம் வந்த உடனே. வேலைச் சட்டப்படி மாசக் கணக்கு முடிஞ்சு 7 நாளுக்குள்ள சம்பளம் போட்டாகணும்ல, அந்தத் தேதிய வியாபாரிங்க நம்மள விட நல்லா ஞாபகம் வச்சிருப்பாங்க.

முதல்ல எந்த வாசல்னு கண்டுபிடிங்க

மொத்தம் மூணு வாசல் இருக்கு. எது உங்களுக்குன்னு தெரிய நான் ஒரு கேள்வி கேப்பேன்: வீட்டுக்காரங்க காசு கொடுத்ததும் அவங்க கையில என்ன போய்ச் சேருது?

நீங்களே செஞ்ச, நீங்களே வாங்கி வச்ச சாமான் அப்பவே கைமாறுதுன்னா, முறுக்கு, இட்லி, காய்கறி, பூ மாதிரி, நீங்க போக வேண்டியது மஜ்லிஸ், அதாவது உங்க ஏரியா நகராண்மைக் கழகம், மாவட்ட மன்றம். கையில போய்ச் சேர்றது ஒரு கம்பெனியோட கொன்ட்ராக், மாசா மாசம் கட்டற ஆன்சூரான், இல்ல ஒரு கம்பெனி பொருள ஏஜெண்டா விக்கிறீங்கன்னா, அது உள்நாட்டு வாணிப அமைச்சு, கேபிடிஎன். ரசீதும் நன்றியும் மட்டும்தான் போய்ச் சேருதுன்னா அது போலீஸ். ஆமா, நன்கொடைக்கு பெர்மிட் கொடுக்கறது மஜ்லிஸ் இல்ல, போலீஸ். பத்து பேருல எட்டு பேரு இங்கதான் தடுமாறுறாங்க.

இது நான் விளக்கறதுக்கு வச்சிருக்கற கணக்கு, சட்டத்துல இந்த வார்த்தையில எழுதலை. கம்பெனி பொருள அப்பவே கையில கொடுத்தாலும் அது ரெண்டாவது வாசல்தான், அத மறந்துடாதீங்க.

சொந்தமா செஞ்சு விக்கிறவங்களுக்கு

படி ஒண்ணு, எஸ்எஸ்எம். 1956 வியாபாரப் பதிவுச் சட்டப்படி வியாபாரம் தொடங்கி 30 நாளுக்குள்ள பதியணும். ஐசில (அடையாளக் கார்டுல) இருக்கற உங்க சொந்தப் பேருலேயே பதிஞ்சா வருஷத்துக்கு 30 வெள்ளி, "ஸ்ரீ லட்சுமி முறுக்கு"ன்னு கடைப் பேரு வச்சா 60 வெள்ளி. ஈஸிபிஸ்னு ஆன்லைன்ல செய்யலாம், கவுண்டருக்கும் போகலாம். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டும்தான் பதிய முடியும். சின்ன வியாபாரம்தானே, பேரு முக்கியம் இல்லைன்னா 30 வெள்ளியோட முடிச்சிக்குங்க, வாடிக்கையாளருக்கு உங்க முகம்தான் பேரு. வருஷா வருஷம் புதுப்பிக்கணும், ஒரே தடவையில 5 வருஷம் வரைக்கும் கட்டிக்கலாம். புதுப்பிக்க மறந்துட்டு லைசன்ஸ் புதுப்பிக்கப் போறப்ப மாட்டிக்கிறவங்க நெறைய.

படி ரெண்டு, சாப்பாட்டு சாமானா இருந்தா டைஃபாய்ட் ஊசியும் உணவு கையாளுறவங்களுக்கான ஒருநாள் கோர்ஸும். 2009 உணவுச் சுகாதார விதிமுறையில வர்றது இது. சாப்பாட்டத் தொடற ஒவ்வொருத்தரும் போடணும், முறுக்கு பிழியறது அம்மாவா இருந்து நீங்க விக்க மட்டும் போனாலும் அம்மாவுக்கும் வேணும். ஊசி 3 வருஷத்துக்குத்தான், கிளினிக்குல கொடுக்கற கார்டுல தேதி இருக்கும், அத ஃபோன்ல படம் பிடிச்சு வச்சுக்குங்க. அப்படியே சொல்லிடறேன், பாக்கெட்ல அடைச்சு விக்கிறீங்கன்னா பாக்கெட் மேல பொருளோட பேரு, என்னென்ன போட்டிருக்கு, எடை, செஞ்சவங்க பேரும் அட்ரஸும், எந்தத் தேதிக்குள்ள சாப்பிடணும், இதெல்லாம் இருக்கணும், 1985 உணவு விதிமுறையில இருக்கு. வெறும் பிளாஸ்டிக்ல கட்டி ரப்பர் பேண்ட் போட்டு விக்கிறவங்க இத யோசிக்கறதே இல்ல. ஒரு ஸ்டிக்கர் அடிக்க பெருசா செலவாகாது, அதப் பாத்தாலே வாங்கறவங்களுக்கும் ஒரு நம்பிக்கை வருது. ஹலால் சின்னத்த மட்டும் நீங்களா அடிச்சிடாதீங்க, ஜாக்கிம் (இஸ்லாமிய மேம்பாட்டு இலாகா) சர்டிபிகேட் இல்லாம அந்தச் சின்னம் போடறது 2011 வணிக விவரிப்புச் சட்டத்துல குற்றம். "சைவம், கடலை எண்ணெயில செஞ்சது"ன்னு உண்மைய எழுதுங்க, மலாய்க்கார அண்டை வீட்டுக்காரங்க கேட்டா வாயாலயும் அதையே சொல்லுங்க, போதும்.

படி மூணுதான் அசல் லைசன்ஸ். பெஸ்தாரி ஜெயா கோல சிலாங்கூர் நகராண்மைக் கழகத்துக்குக் கீழ வருது, உங்க ஊருக்கு எது மஜ்லிஸ்னு தெரியலைன்னா வீட்டு வரி பில்லப் பாருங்க, மேல பேரு இருக்கும். லைசன்ஸ் பிரிவுல போய் பெஞ்ஜாஜா ஃபாரம் கேளுங்க. அந்த ஃபாரத்துல என்ன வகை வியாபாரம்னு ஒரு கட்டம் வரும், அங்க எல்லாரும் "கெராய்"னு எழுதிடறாங்க, கெராய்னா ஒரே இடத்துல நிக்கிற ஸ்டால், உடனே எந்த இடம், லாட் நம்பர் என்ன, படம் போட்டுக் காட்டுன்னு கேப்பாங்க, நீங்க முழிப்பீங்க. மோட்டோலயோ காடிலயோ நடந்தோ சுத்தி விக்கிறவங்க "பெஞ்ஜாஜா பெர்கெராக்"னு எழுதணும். இந்த ஒரு வார்த்தையில ரெண்டு தடவை அலைச்சல் மிச்சம்.

கையில கொண்டு போக வேண்டியது ஐசியும் அதோட நகலும், பாஸ்போர்ட் சைஸ் படம் ரெண்டு, எஸ்எஸ்எம் பேப்பர், டைஃபாய்ட் கார்டு, கோர்ஸ் சர்டிபிகேட், வண்டியில விக்கிறீங்கன்னா வண்டி கிராண்ட், ரோட்டெக்ஸ், உங்க டிரைவிங் லைசன்ஸ், அப்புறம் எந்தெந்தத் தாமான்ல எத்தனை மணிக்கு விப்பீங்கன்னு நீங்களே எழுதின ஒரு சின்னக் குறிப்பு. குறிப்பு கட்டாயம் இல்ல, ஆனா கவுண்டர்ல இருக்கறவங்களுக்கு வேலை சுலபமாகுது, நமக்கும் "நாளைக்கு வாங்க" வராது. மஜ்லிசுக்கு மஜ்லிஸ் கட்டணமும் நிபந்தனையும் வேற வேற, அதனால பக்கத்து மாவட்டத்துல இருக்கற மச்சான் சொன்ன கணக்க நம்பிப் போகாதீங்க.

ஒரு விஷயம் எல்லா மஜ்லிசுக்கும் பொது. 1976 ஊராட்சிச் சட்டம், அதுல 107வது பிரிவு. லைசன்ஸ ஒரு தடவைக்கு 3 வருஷத்துக்கு மேல கொடுக்க முடியாது, எப்ப வேணும்னாலும் காரணம் சொல்லாமலே ரத்து பண்ணலாம், ரத்து பண்ணா நஷ்ட ஈடு கிடையாது. கேக்க கடுமையாத்தான் இருக்கு, ஆனா சட்டம் அப்படித்தான். அதனால நிபந்தனையில என்ன எழுதியிருக்கோ அத ஒரு தடவை நிதானமா வாசிங்க, மலாய்ல எழுதியிருக்கேன்னு பாக்காம ஃபைல்ல போட்டு வைக்காதீங்க. லைசன்ஸ வெளியில தெரியற மாதிரி வைக்கணும், கேட்டா காட்டணும். அடுத்தவங்களுக்கு வாடகைக்கு விடவே கூடாது, "மாசம் நூறு வெள்ளி தர்றேன் அக்கா, உங்க லைசன்ஸக் குடுங்க"ன்னு யாராவது வந்தா கதவச் சாத்துங்க, பிடிபட்டா போறது உங்க லைசன்ஸ்.

தீபாவளி பசாருக்கு தனியா தற்காலிக லைசன்ஸ் கொடுப்பாங்க, அதுக்கு இந்த வழி வேண்டாம், அறிவிப்பு வந்ததும் மனு போடணும்.

அப்புறம் தோட்டம். இது நம்ம மாதிரி ஊருக்கு மட்டும் இருக்கற பிரச்சனை. தோட்டம் தனியார் நிலம். மஜ்லிஸ் லைசன்ஸ் கையில இருந்தாலும் தோட்டத்து கேட்டுக்குள்ள நுழைய அது உரிமை தராது. காவலுக்கு நிக்கிற ஜாகாகிட்ட சிரிச்சுப் பேசி உள்ள போயிடலாம்தான், ஆனா ஒரு நாள் புது ஜாகா வருவாரு, இல்ல உள்ள ஏதாவது திருட்டு போயிருக்கும், அன்னைக்கு முதல்ல மாட்டறது வெளியாள்தான். தோட்ட ஆபீசுல கிராணியப் பாத்து, மேனேஜருக்கு ஒரு லெட்டர் கொடுங்க, எந்த நாள், எத்தனை மணி, என்ன சாமான், வண்டி நம்பர். லைசன்ஸ் நகல இணைச்சிடுங்க. கையெழுத்தோட முத்திரை போட்ட நகல வாங்கி வண்டியிலயே வச்சிடுங்க.

இவ்வளவும் எதுக்குன்னு கேக்கறவங்க இருக்காங்க. சம்மன் பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், எஸ்எஸ்எம்மும் லைசன்ஸும் கையில இருந்தாதான் தெக்குன்னு சொல்ற அரசாங்கக் கடன் அமைப்புல ஸ்புமி கடனுக்கு மனு போட முடியும், நம்ம இந்திய வியாபாரிங்களுக்குன்னே இருக்கற கடன் அது. ஃபைல்ல பேப்பர் இல்லாம கடன் கேட்டுப் போய் திரும்பி வந்த எத்தனையோ பேர நான் பாத்துட்டேன், நல்லா சமைக்கறவங்க, நல்லா உழைக்கறவங்க.

கம்பெனி பொருள விக்கிறவங்களும், அவங்களுக்குக் கதவு திறக்கறவங்களும்

இங்க சட்டம் 1993 நேரடி விற்பனை மற்றும் பிரமிட் திட்டத் தடுப்புச் சட்டம், 500வது சட்டம்னு சொல்வாங்க. கம்பெனிக்குத்தான் லைசன்ஸ், தனி ஆளு எடுக்க முடியாது. லைசன்ஸ் நம்பர் ஏஜேஎல்னு ஆரம்பிக்கும். நீங்க ஏஜெண்டா சேரறீங்கன்னா முதல்ல அந்த நம்பரக் கேளுங்க, கேபிடிஎன் வெப்சைட்ல அது உயிரோட இருக்கான்னு பாருங்க, காலாவதியான நம்பர காலண்டர்ல அடிச்சு வச்சுக்கிட்டு சுத்தறவங்க இருக்காங்க. "லைசன்ஸ் ப்ராசஸ்ல இருக்கு"ன்னா சேராதீங்க. பொருள விக்கிறத விட ஆளு சேக்கிறதுக்குத்தான் காசுன்னா அது பிரமிட், பக்கத்துலயே போகாதீங்க, கடைசியில திட்டு வாங்கறது உங்கள நம்பின சித்தியும் பெரியம்மாவும்தான்.

ஏஜெண்டா வீட்டுக்குப் போறப்ப ஐசியும் கம்பெனி கொடுத்த அத்தாட்சி கார்டும் கையில இருக்கணும், எதுக்கு வந்திருக்கோம்னு முதல்லயே சொல்லணும், காலையில 9 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு அப்புறமும் கதவத் தட்டக்கூடாது. போகச் சொன்னா போயிடணும். இந்த மணி கணக்க வீட்டுல இருக்கற பெரியவங்களுக்கு தயவுசெஞ்சு சொல்லி வைங்க, ராத்திரி எட்டரைக்கு "ப்ரோமோஷன் இன்னையோட முடியுது ஆண்ட்டி"ன்னு வர்றவன்கிட்ட "தம்பி, ஏழு மணிக்கு மேல வரக்கூடாது"ன்னு சொன்னா போதும், பேச்சே மாறிடும்.

இப்ப எங்க அத்தை கதைய சொல்றேன், ஏன்னா இது ஒரு வீட்டுல நடந்தது இல்ல, வரிசையா பல வீட்டுல நடந்தது.

மத்தியானம் அத்தை தனியா இருந்தாங்க. ரெண்டு பையன், கழுத்துல கார்டு, சுத்தமான சட்டை. "தண்ணி டெஸ்ட் ஃப்ரீ அத்தை." ரெண்டு கண்ணாடி கிளாஸ், ஒண்ணுல பைப் தண்ணி, ஒண்ணுல அவங்க ஃபில்டர் தண்ணி. ஒரு சின்ன டப்பா, அதுலேர்ந்து கம்பி கம்பியா கீழ நீட்டிட்டு இருக்கு, கரண்ட்ல சொருகி ரெண்டு கிளாஸ்லயும் முக்கினாங்க. ஒரு நிமிஷம். பைப் தண்ணி முதல்ல மஞ்சளாச்சு, அப்புறம் காப்பிக் கலரு, அப்புறம் கரும்பச்சையா சேறு மாதிரி திரண்டு நின்னுச்சு. அவங்க தண்ணி அப்படியே தெளிவா இருக்கு. "இதத்தான் அத்தை பேரப்பிள்ளைக்குக் கொடுக்கறீங்க." அத்தை கை நடுங்கிடுச்சாம். 2,800 வெள்ளி, மாசத் தவணை, கையெழுத்துப் போட்டாச்சு.

அந்தச் சேறு தண்ணியில இருந்து வந்தது இல்ல. கம்பியில இருந்து வந்தது. இரும்புக் கம்பிய தண்ணியில விட்டு கரண்ட் கொடுத்தா இரும்பு கரைஞ்சு துருவா வெளிய வரும். பைப் தண்ணியில இயற்கையாவே தாது உப்பு இருக்கு, அதனால கரண்ட் பாயுது, கம்பி கரையுது. அவங்க ஃபில்டர் உப்பையெல்லாம் எடுத்துடறதால கரண்ட் பாயல, கம்பி கரையல, தண்ணி தெளிவா நிக்குது. அவங்க ஃபில்டர் தண்ணியில ஒரு சிட்டிகை உப்பப் போட்டு திரும்ப முக்கச் சொல்லுங்க, அதுவும் சேறாகும். நான் வீட்டுல பண்ணிக் காட்டறேன்னு சொன்னப்புறம்தான் அத்தைக்கு மனசு ஆறுச்சு, அதுவரைக்கும் பேரனுக்கு விஷம் கொடுத்துட்டேன்னு சாப்பிடாம இருந்தாங்க. எனக்கு கோபம் வந்தது பணத்துக்காக இல்ல, இந்தப் பயமுறுத்தலுக்காகத்தான்.

நல்லவேளை நாலாவது நாளே சொல்லிட்டாங்க. சட்டப்படி 300 வெள்ளியும் அதுக்கு மேலயும் போற வீட்டு வாசல் வியாபாரத்துக்கு எழுத்துல கொன்ட்ராக் இருக்கணும், ஒரு நகல் வாங்கினவங்க கையில இருக்கணும், 10 வேலை நாளு யோசிக்கிற காலம், மலாய்ல தெம்போ பெர்தெனாங், அந்தக் கொன்ட்ராக்லயே தெரியற மாதிரி எழுதியிருக்கணும். அந்த 10 வேலை நாளுக்குள்ள காரணமே சொல்லாம ரத்து பண்ணலாம். வேலை நாள்னு கவனிங்க, சனி ஞாயிறு, பொது விடுமுறையெல்லாம் கணக்குல சேராது.

ரத்து பண்றது இப்படி. ஃபோன்ல சொல்லாதீங்க, சேல்ஸ் பையனுக்கு வாட்சப் அனுப்பிட்டு காத்திருக்காதீங்க, அவரு "பாஸ்கிட்ட கேக்கறேன்"னு சொல்லிச் சொல்லியே 10 நாள ஓட்டிடுவாரு. எழுத்துல கொடுங்க. ஒரு தாள்ல உங்க பேரு, ஐசி நம்பர், கொன்ட்ராக் நம்பர், தேதி, அப்புறம் ஒரே ஒரு வரி: "சாயா மெம்பாதால்கான் கொன்ட்ராக் இனி டாலாம் தெம்போ பெர்தெனாங் செபுலு ஹாரி பெகெர்ஜா." 10 வேலை நாளு யோசிக்கிற காலத்துக்குள்ள இந்தக் கொன்ட்ராக்க ரத்து பண்றேன்னு அர்த்தம். கையெழுத்து. போஸ்ட் ஆபீசுல பதிவுத் தபாலா கம்பெனி அட்ரஸுக்கு அனுப்பி அந்த ரசீதப் பத்திரமா வைங்க, அதுல இருக்கற தேதிதான் உங்க ஆதாரம். பேங்க்ல ஆட்டோ டெபிட் போட்டிருந்தா லெட்டர் நகலோட அங்கயும் போய் நிறுத்தச் சொல்லுங்க. பொருள் வீட்டுக்கு வந்திருந்தா பயன்படுத்தாதீங்க, பெட்டியோட ஓரமா வைங்க. அத்தை கேஸ்ல மூணு தடவை ஃபோன் பண்ணி மெரட்டினாங்க, "சார்ஜ் கட்டணும்"னு சொன்னாங்க, நாங்க பதிவுத் தபால் நம்பர மட்டும் சொன்னோம், கடைசியில முன்பணம் திரும்பி வந்துச்சு.

வரலைன்னா பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கு. 1ஆம் பாரம், கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், வக்கீல் வைக்க முடியாது, அந்தப் பக்கமும் வைக்க முடியாது, அதனால நம்மளும் அவங்களும் சரிசமமா உக்காந்து பேசறோம். 3 வருஷத்துக்குள்ள போடணும். தீர்ப்பு வந்தா 14 நாளுக்குள்ள கட்டணும், கட்டலைன்னா அது குற்றம். 5 வெள்ளிக்கு இப்படி ஒரு கதவு திறந்திருக்குன்னு நம்ம தோட்டத்து ஆளுங்க எத்தனை பேருக்குத் தெரியும்னு நெனைச்சா வருத்தமா இருக்கு.

மருந்து, சப்ளிமெண்ட் விக்க வந்தா எம்ஏஎல்னு ஆரம்பிக்கற பதிவு நம்பர் டப்பாவுல இருக்கான்னு பாருங்க. சர்க்கரை வியாதி போயிடும்னு சொல்ற எதையும் வாங்காதீங்க, கிளினிக் மாத்திரைய நிறுத்தச் சொன்னா உடனே வெளிய அனுப்பிடுங்க. கேஸ் அடுப்பு "இன்ஸ்பெக்ஷன்"னு வந்து நல்லா இருக்கற ஹோஸக் கழட்டி புதுசு மாட்டி 200, 300 கேக்கறவங்களும், சுரண்டிப் பாருங்க பரிசு விழுந்திருக்குன்னு வர்றவங்களும் இதே கூட்டம்தான். புகார் கொடுக்க கேபிடிஎன் நம்பர் 1-800-886-800, காசு இல்லாத அழைப்பு.

நன்கொடை கேக்கறவங்களுக்கு

இத எழுதறப்ப எனக்கே ஒரு பழைய தப்பு ஞாபகம் வருது. பத்தொன்பது வயசுல நாங்க அஞ்சு பேரு கோயில் திருவிழாவுக்காக பக்கத்துத் தாமான்ல வீடு வீடா போனோம். உண்மையான கோயில், உண்மையான திருவிழா, ஆனா கையில இருந்தது கடையில வாங்கின சாதாரண ரசீதுப் புக்கு மட்டும்தான். ஒரு வீட்டுக்காரரு சந்தேகப்பட்டு போலீசக் கூப்பிட்டாரு. பாலாய்ல ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தோம், கோயில் தலைவரு வந்து கையெழுத்துப் போட்டு அழைச்சுட்டுப் போனாரு. அந்த வீட்டுக்காரரு மேல அப்ப கோபமா இருந்துச்சு, இப்ப இல்ல, அவரு கேட்டது சரி. நாங்க வச்சிருந்த மாதிரி ஒரு புக்கு யாரு வேணும்னாலும் ரெண்டு வெள்ளிக்கு வாங்கலாம்.

சட்டத்தோட பேரு 1947 வீடு வீடாகவும் தெருவிலும் பண வசூல் சட்டம், 200வது சட்டம். பெர்மிட் இல்லாம வீடு வீடாவோ தெருவுலயோ வசூல் பண்ணக்கூடாது. மனு போக வேண்டியது மாவட்டப் போலீஸ் தலைமையகம், நமக்கு கோல சிலாங்கூர் ஐபிடி, தாமான் பக்கத்துல இருக்கற சின்ன பாலாய் இல்ல.

அதுக்கு முன்னாடி உங்க சங்கம் ஆர்ஓஎஸ்ல, அதாவது சங்கப் பதிவு இலாகாவுல பதிஞ்சிருக்கணும், 1966 சங்கச் சட்டப்படி ஏழு பேரு இருந்தா பதியலாம். பதிஞ்சா மட்டும் போதாது, வருஷாந்திரக் கூட்டம் முடிஞ்சு 60 நாளுக்குள்ள கணக்கு அனுப்பணும். நம்ம தோட்டத்துக் கோயில் சங்கங்கள்ல பாதி இந்த இடத்துலதான் விழுது, தலைவர் மாறுவாரு, பழைய செயலாளர் ஃபைல வீட்டுலயே வச்சிருப்பாரு, அஞ்சு வருஷம் கணக்கு போயிருக்காது. பெர்மிட் கேக்கப் போறதுக்கு முன்னாடி ஆர்ஓஎஸ்ஸோட ஈரோசஸ் வெப்சைட்ல போய் உங்க சங்கத்தோட நிலவரத்தப் பாத்துடுங்க.

ஐபிடிக்குப் போறப்ப சங்கத்தோட லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம், எதுக்கு வசூல், எவ்வளவு இலக்கு, எந்தத் தேதிலேர்ந்து எந்தத் தேதி வரைக்கும், எந்தெந்தத் தாமான், வசூல் பண்ணப் போறவங்க ஒவ்வொருத்தரோட பேரும் ஐசி நகலும், ஆர்ஓஎஸ் பதிவு நகல், போன வருஷக் கணக்கு, ரசீதுப் புக்கோட மாதிரிப் பக்கம். இவ்வளவும் முதல் தடவையே கொண்டு போனா திரும்ப அலைய வேண்டியதில்ல. திருவிழாவுக்கு மூணு வாரம் இருக்கறப்ப ஓடாதீங்க, ரெண்டு மாசம் முன்னாடி போங்க. தோட்டத்துக்குள்ள வசூல்னா மேனேஜர் லெட்டர் இங்கயும் வேணும்.

பெர்மிட் கிடைச்சப்புறம் வசூலப் பண்ற விதம்தான் பேரக் காப்பாத்தும். ரசீதுப் புக்குல சங்கத்தோட பேரும் வரிசை நம்பரும் அச்சடிச்சிருக்கணும், கார்பன் நகலோட. எந்தப் புக்கு யாருகிட்ட போச்சுன்னு ஒரு நோட்டுல எழுதுங்க, 001லேர்ந்து 050 குமாருகிட்ட, 051லேர்ந்து 100 செல்விகிட்ட. உண்டியல் டின்னுன்னா மூடி மேல பேப்பர் ஒட்டி ரெண்டு பேரு குறுக்கால கையெழுத்துப் போடணும், திறக்கறப்பவும் அதே ரெண்டு பேரு இருக்கணும். அன்னைக்கு வசூல அன்னைக்கே எண்ணி சங்கத்தோட பேங்க் கணக்குல போடுங்க, யாரோட சொந்தக் கணக்குலயும் ஒரு ராத்திரி கூட இருக்கக்கூடாது. பெரிய தொகை கொடுக்கறவங்க வரி விலக்கு ரசீது கேப்பாங்க, அது வருமான வரி வாரியம், எல்எச்டிஎன்கிட்ட 44(6) அங்கீகாரம் வாங்கின அமைப்பு மட்டும்தான் கொடுக்கலாம், இல்லாதவங்க இருக்குன்னு சொல்லிக் காசு வாங்காதீங்க.

பேனா, காலண்டர், ஊதுபத்தி வித்து "பணம் ஆசிரமத்துக்குப் போகுது"ன்னு சொல்லப் போறீங்கன்னாலும் ஐபிடில கேட்டுட்டே போங்க, விக்கிறோம்னு சொல்லி நழுவ முடியாது, மக்கள் காசு கொடுக்கறது பேனாவுக்காக இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும்.

உங்க கேட்டுல யாராவது நின்னா

கேட்டத் திறக்காமலே மூணு விஷயம் கேளுங்க: போலீஸ் பெர்மிட், ஐசி, அமைப்போட பதிவு நம்பர். பெர்மிட்ல தேதியும் ஏரியாவும் பாருங்க, பினாங்குக்கு வாங்கின பெர்மிட்ட வச்சு சிலாங்கூர்ல வசூல் பண்றத என் கண்ணால பாத்திருக்கேன். ஆதரவற்றோர் இல்லம்னா 1993 பராமரிப்பு மையச் சட்டப்படி ஜேகேஎம்ல (சமூகநல இலாகாவுல) பதிஞ்சிருக்கணும், அந்தப் பேர ஜேகேஎம்ல விசாரிக்கலாம். பணத்தக் கையில கொடுக்க மனசு இல்லைன்னா "அட்ரஸ் கொடுங்க தம்பி, ஞாயித்துக்கிழமை நாங்களே அரிசி மூட்டையோட வர்றோம்"னு சொல்லுங்க, உண்மையான இல்லம் சந்தோஷமா அட்ரஸ் கொடுக்கும். பேங்க் கணக்கு நம்பர் கொடுத்தா போலீசோட செமாக் மியூல் வெப்சைட்ல போட்டுப் பாருங்க, ஏற்கனவே ஏமாந்து அனுப்பிட்டீங்கன்னா தாமதிக்காம மோசடிப் புகார் நம்பர் 997க்கு அடிங்க.

ராத்திரி நேரத்துல சாப்பாட்டுக் கடையில, பெட்ரோல் ஸ்டேஷன்ல சின்னப் பிள்ளைங்கள விட்டு டிஷ்யூவும் கீ செயினும் விக்க வைக்கறாங்களே, அதுக்கு மட்டும் காசு கொடுக்காதீங்க. பிள்ளைங்கள தெருவுல பிச்சைக்கோ வசூலுக்கோ விடறது 2001 சிறுவர் சட்டம் 32வது பிரிவுல குற்றம். பிள்ளையத் திட்டாதீங்க, அதுக்கு ஒண்ணும் தெரியாது. பசிக்குதான்னு கேட்டு சாப்பாடு வாங்கிக் கொடுங்க, கொஞ்சம் தள்ளி யாரு காடிக்குள்ள உக்காந்து காத்துட்டு இருக்காங்கன்னு பாத்து வண்டி நம்பர எழுதிக்குங்க, தாலியான் காசே உதவி நம்பர் 15999க்கு ஃபோன் பண்ணி இடத்தையும் நேரத்தையும் அந்த வண்டி நம்பரையும் சொல்லுங்க, ராத்திரியிலயும் எடுப்பாங்க.